மடக்கும் பேட்டரி வீல்சேர்: உட்காருபவருக்கா, கார் டிக்கிக்கா?

சர்ஜிக்கல் கடைகளிலும் இணையத்திலும் பரவலாகக் கிடைக்கும் மடக்கு ரகத்தைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. அலுமினியச் சட்டம், 250 வாட் மோட்டார் இரண்டு, 24 வோல்ட் லித்தியம் பேட்டரி, எடை 25 கிலோவை ஒட்டி. ஸ்டிக்கர் மாறும், உள்ளிருப்பது பெரும்பாலும் இதேதான்.

பிரேக் நன்றாக இருக்கிறது. ஜாய்ஸ்டிக்கை விட்டதும் வண்டி நின்று, மின்காந்த பிரேக் பிடித்துக்கொள்கிறது. மின்சாரம் பாய்ந்தால்தான் இது விடுபடும் என்பதால் பேட்டரி தீர்ந்தாலும் சரிவில் உருளாது. பேட்டரி 12 ஆம்பியர்-அவர் என்றால் 288 வாட்-அவர். கழற்றி விமானக் கேபினில் கொண்டுபோகும் ஒற்றைப் பேட்டரிக்கான 300 வரம்புக்குள் அடங்கும். 20 ஆம்பியர்-அவர் என்றால் 480, அது அடங்காது. பெட்டியில் 20 கிலோமீட்டர் என்று போட்டிருந்தால் 12 என்று வைத்துக்கொண்டு கிளம்புங்கள். ஜாய்ஸ்டிக்கில் தெரியும் சார்ஜ் கோடுகளை நிற்கும்போது நம்ப வேண்டாம், மேடு ஏறும்போது பாருங்கள்.

இருக்கையில்தான் கோளாறு. ரெக்ஸின் போர்த்திய 5 சென்டிமீட்டர் ஃபோம், இரண்டு மணி நேரத்துக்குப் பரவாயில்லை. தண்டுவடக் காயத்தால் உணர்ச்சியற்றுப்போனவர் நாள் முழுக்க இதில் இருந்தால் படுக்கைப்புண் வரும். சரி, 10 சென்டிமீட்டர் காற்றறைக் குஷன் போடலாமே என்றால், இருக்கை 5 சென்டிமீட்டர் உயர்கிறது. கால்தட்டை மேலே ஏற்ற வழியில்லாததால் பாதம் தொங்கும். கைதாங்கியும் ஜாய்ஸ்டிக்கும் தாழ்ந்துபோய் ஒரு தோள் சரியும். கட்டிலிலிருந்து மாறுவது மேடேறுவதுபோல் ஆகும். முதுகுப்பலகை மட்டும் சாய்கிற மாடலும் தீர்வல்ல. சாய்ந்ததும் உடல் முன்னே வழுக்கி, தோல் உராயும். இருக்கையும் முதுகும் கோணம் மாறாமல் சேர்ந்து சாயும் அமைப்பு வேண்டும். மடக்கு ரகத்தில் அது பொதுவாக இருப்பதில்லை.

பார்த்துக்கொள்பவரைப் பற்றி வடிவமைத்தவர்கள் யோசித்ததாகவே தெரியவில்லை. கைதாங்கி மேலே மடங்காவிட்டால் பக்கவாட்டில் நகர்த்தி மாற்ற முடியாது, ஆளைத் தூக்கத்தான் வேண்டும். பின்னால் தனி ஜாய்ஸ்டிக் இல்லையென்றால் தோளுக்கு மேல் கையை நீட்டி ஓட்ட வேண்டும். வண்டியைக் கையால் தள்ளுவதற்காக மோட்டாரை விடுவிக்கும் லிவர்கள் தரையை ஒட்டி இருபுறமும் இருக்கின்றன. அவற்றைத் திருப்பியதும் பிரேக்கும் போய்விடும், பல மாடல்களில் கைபிரேக்கும் கிடையாது. ஆள் உட்கார்ந்திருக்கையில் சாய்தளத்தில் அதைத் தொடவே கூடாது.

வாங்கும் முன் டேப்பை எடுங்கள். வண்டியின் அகலம் பெரும்பாலும் 60 சென்டிமீட்டரை ஒட்டி. இரண்டரை அடி குளியலறைக் கதவில் நிலையும் திறந்த பலகையும் போக மிஞ்சுவதை அளந்தால்தான் தெரியும். சாய்தளத்துக்கு 1:12 கணக்கு: 15 சென்டிமீட்டர் படிக்கு 1.8 மீட்டர். மூன்று படி வாசலென்றால் 5.4 மீட்டர், பல வீடுகளில் அது தெருவுக்கே வந்துவிடும். முன்சக்கரம் 8 அங்குலம்தான். சாக்கடைக் கம்பி இடுக்கில் மாட்டும், கம்பிகளுக்குக் குறுக்கே போகவும்.

எழுந்து நின்று மாறக்கூடிய, கையில் நடுக்கமில்லாத முதியவருக்கு வெளியே போய்வர இது போதும். தசைச் சிதைவு நோய் உள்ளவருக்கு வேண்டாம்; வேகத்தையும் நடுக்கத் தணிப்பையும் ஆளுக்கேற்ப மாற்றியமைக்கும் கன்ட்ரோலர் அவருக்குத் தேவை. கையில் வலுவுள்ள, வெளியே தூரம் போகிறவர் சென்னை ஐஐடியில் உருவாகி 2021-இல் வந்த நியோபோல்ட்டைப் பார்க்கலாம். கையால் ஓட்டும் வீல்சேரின் முன்னால் மாட்டும் மோட்டார் அது, மணிக்கு 25 கிலோமீட்டர் வரை போகும். வீட்டுக்குள் கழற்றிவிட வேண்டும்.

வண்டி கிளம்பவில்லையா? இரண்டு லிவரும் ஓட்டும் நிலையில் இருக்கின்றனவா, சார்ஜர் இன்னும் மாட்டியிருக்கிறதா, ஆன் செய்யும்போது ஜாய்ஸ்டிக் நடுவில் இருந்ததா, இந்த வரிசையில் பாருங்கள். பிறகு பேட்டரி கனெக்டரைக் கழற்றி மாட்டுங்கள். ஜாய்ஸ்டிக்கின் அடியிலுள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தால் மழைநீர் உள்ளே போயிருக்கலாம். புது உறை வரும்வரை நீர் புகாமல் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக் கட்டி வையுங்கள்.