ஜன்னலோரக் குளோவர்: ஹட்டனில் மூன்று ஆண்டுகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் எங்கள் வீட்டின் கிழக்கு ஜன்னலோரத்தில் மூன்று ஆண்டுகளாக வெண்குளோவர் என்னும், மூன்று சிற்றிலைகள் கொண்ட பயறுக் குடும்பத்துச் சிறு செடியை வளர்த்து வருகிறேன். கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்கு மேல் அமைந்த இவ்வூரின் குளிர் அதற்கு நன்றாகவே ஒத்துப்போகிறது. தொல்லை வந்ததெல்லாம் மண்ணாலும் வெளிச்சத்தாலும்தான்.

முதலில் வாங்கியது குளோவரே அல்ல. அந்தப் பெயரில் ஒரு கடையில் தந்த ஊதா இலைச் செடியை வீட்டுக்குக் கொண்டுவந்ததும், அம்மா ஓர் இலையைக் கிள்ளி வாயிலிட்டுப் பார்த்து, இது புளியாரை இனம் என்று சொல்லிவிட்டார். இரண்டையும் வேறுபடுத்த மாலை நேரமே நல்லது. புளியாரையின் மூன்று சிற்றிலைகளும் குடை மடங்குவதுபோல் கீழ்நோக்கிச் சாயும். குளோவரில் பக்கச் சிற்றிலைகள் இரண்டும் கைகூப்பியதுபோல் எழுந்து சேர, மூன்றாவது அவற்றின் மேல் கவிந்துகொள்ளும்.

பிறகு விதை வாங்கினேன். ஒரு கிராமில் ஏறத்தாழ 1,500 விதைகள் இருக்கும் என்பதால் ஒரு சிட்டிகையே ஒரு சாடிக்கு மிகுதி. ஐந்தாம் நாள் முளைத்தவற்றில் முதல் இலை ஒற்றையாக வந்ததைக் கண்டு மீண்டும் ஏமாந்தேனோ என்று கலங்கினேன்; குளோவரின் இயல்பே அதுதான், இரண்டாவது இலையிலிருந்து மூன்றாக விரியும்.

மண்ணில்தான் பெரிதும் தவறினேன். தேயிலைச் செடிகளுக்கு அடியிலிருந்து அள்ளிய மண்ணில் நட்ட நாற்றுகள் இரண்டே மாதங்களில் வெளிறின. தேயிலை விரும்பும் மண்ணின் பி.எச். அளவு (இது குறையக் குறைய மண் புளிப்பு) 4.5 முதல் 5.5 வரை, குளோவருக்கோ 6 முதல் 7 வரை வேண்டும், அதன் வேரில் குடியேறும் ரைசோபியம் பக்டீரியாவும் புளிப்பு மண்ணில் செழிப்பதில்லை. தோட்டத்தில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அண்ணன், “கவ்வாத்து மலைக்கே டொலமைட் போடுறோம், இந்தச் சாடிக்குப் போட்டா என்ன?” என்று கேட்டார். கவ்வாத்து மலை என்பது கிளைகளை வெட்டிவிட்ட தேயிலை நிலம்; டொலமைட் மண்ணின் புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக்கல் தூள். ஆறு அங்குலச் சாடிக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கலந்து, மூன்று வாரம் ஈரமாக வைத்திருந்து, மறுபடி விதைத்தேன். நான்கு மாதங்களின் பின் சாடி மாற்றும்போது வேர்களில் கடுகிலும் சிறிய முடிச்சுகள் தெரிந்தன. ஒன்றை நகத்தால் பிளந்தேன், உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள நைதரசனைச் செடிக்கு ஏற்றதாக மாற்றும் வேலை நடக்கிறது என்பதற்கு அந்த நிறமே சான்று. அன்றிலிருந்து யூரியா ஒரு துளியும் இடுவதில்லை, ஏனெனில் நைதரசன் தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சுகளை உருவாக்குவதைக் குறைத்துக்கொள்ளும்.

மூடிய கண்ணாடி டெராரியத்தில் குளோவர் வளர்க்க வேண்டாம் என்பதே என் தீர்ப்பு. அதற்கு நாளொன்றுக்கு நான்கு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். மூடிய குடுவையை வெயிலில் வைத்தால் உள்ளே வெந்துவிடும், நிழலில் வைத்தால் காம்புகள் நூலாக நீண்டு சாயும். என்னுடையது ஆறே வாரத்தில் பூஞ்சணம் பிடித்து அழுகியது. வாய் அகன்ற திறந்த கிண்ணத்தில் வளர்கிறது, ஆனால் அடியில் துளையில்லாததால் தண்ணீரை அளந்தே ஊற்ற வேண்டும். குடுவைதான் வேண்டுமென்பவர்கள் ஆரைக்கீரையை முயலலாம்: நான்கு சிற்றிலை கொண்ட அந்தப் பன்னம் (பெரணி) சேற்றையும் ஈரத்தையும் விரும்புவது, என்னிடம் எட்டு மாதங்களாக நலமாக இருக்கிறது.

ஜூன் முதல் ஓகஸ்ட் வரை மூடுபனியில் வெயிலே தெரியாத வாரங்களில் செடியை இரண்டு அங்குல உயரத்துக்கு வெட்டிவிடுகிறேன். ஓடுதண்டுகளிலிருந்து தளிர் மீண்டும் வருகிறது. ஜனவரி தொடங்கும் வறட்சியில் இலையடியில் சிலந்திப்பேன் பற்றும். வாரமொருமுறை இலையைக் கவிழ்த்துக் குழாய் நீரில் கழுவுவது போதுமாக இருக்கிறது.

சென்ற மார்ச்சில் முதன்முறையாகப் பூத்தது. வீட்டுக்குள் இருந்தவரை பூக்கள் நாட்கணக்கில் நிமிர்ந்தே நின்றன. சாடியை முற்றத்தில் வைத்ததும் தேனீக்கள் வந்தன; மூன்றாம் நாள் கீழ்வரிசைப் பூக்கள் ஒவ்வொன்றாகத் தலைகவிழ்ந்து பழுப்பேறின, சூல் பிடித்துவிட்டது.