தேனீ இறக்கையைப் பிடிக்க குரோனோஸ் 1.4

தேனீ விநாடிக்குச் சுமார் 230 தடவை இறக்கை அடிக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் ஆய்வுக்கூடத்தில், அந்த இறக்கை எப்படி முறுக்கித் திரும்புகிறது என்று அளப்பதுதான் என் வேலை. அதற்காக நாங்கள் வாங்கியது கனடாவின் கிரான் டெக்னாலஜிஸ் செய்த குரோனோஸ் 1.4 என்னும் அதிவேகக் கேமரா, கறுப்பு வெள்ளை வகை.

1280×1024 முழு அளவில் விநாடிக்கு 1069 படம் எடுக்கும். பெரிய எண்தான், ஆனால் கணக்குப் போட்டால் ஓர் இறக்கையடிப்புக்கு நாலரைப் படம்தான் தேறும். இறக்கை திரும்பும் கணம் அதில் சிக்கவே சிக்காது. 640×480க்கு இறக்கினால் நாலாயிரத்தைத் தாண்டும். ஓர் அடிப்புக்குப் பதினேழு படமாவது கிடைக்கும். எனக்கு அது போதும். இதைவிடப் பன்மடங்கு விலையுள்ள ஃபாண்டம் டிஎம்எக்ஸ் 7510 கேமரா 1280×800 அளவிலேயே 76,000 படம் எடுக்கும். வெடிப்பு, விரிசல் ஆராய்கிறவர்களுக்கு அது தேவை. பூச்சி ஆராய்ச்சிக்கு அவ்வளவு பணம் இருந்தால் விளக்கிலும் லென்ஸிலும் போடுங்கள்.

விளக்கு என்று சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இறக்கை நுனி கலங்காமல் தெரிய ஷட்டரை 20 மைக்ரோவிநாடிக்குக் கொண்டுபோகிறேன். சாதாரணமாக 1/500 விநாடியில் எடுக்கிற படத்தோடு ஒப்பிட்டால் இது நூறில் ஒரு பங்கு வெளிச்சம்! கறுப்பு வெள்ளை வகையை எடுக்கச் சொல்வது இதனால்தான்: அதன் அடிப்படை ஐஎஸ்ஓ, அதாவது ஒளியை உணரும் திறன், 740, வண்ண வகைக்கு 320. அளவெடுப்பதற்கு நிறம் எதற்கு? இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் பழைய குழல்விளக்கு விநாடிக்கு நூறு முறை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த மினுக்கல் காணொளி முழுக்க அலையடிக்கும். நேர்மின்னோட்டத்தில் எரியும் எல்ஈடிதான் சரி. ஹாலஜன் வெளிச்சம் நன்றாக இருக்கும், ஆனால் அந்தச் சூட்டில் தேனீ வாடிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது பதிவாகும் விதம். நினைவகத்தில் சுழன்று சுழன்று எழுதிக்கொண்டே இருக்கும். தேனீ பறந்த பிறகு பொத்தானை அழுத்தினாலும் நடந்து முடிந்தது கிடைத்துவிடும். 16 ஜிபி நினைவகத்தில் எட்டு விநாடி போல நிற்கும்.

பிடிக்காதது சேமிக்கும் வேகம். சுருக்காத கோப்பாக எழுத நிமிடக்கணக்கில் ஆகும், அதுவரை அடுத்த தேனீ காத்திருக்க வேண்டும். எச்.264 என்னும் சுருக்கிய காணொளி வடிவில் எழுதினால் சீக்கிரம் முடியும், ஆனால் இறக்கை விளிம்பை மழுக்கிவிடும். அளவெடுக்கிற படத்துக்கு அதைத் தொடாதீர்கள். சேமித்து முடிவதற்குள் மின்சாரம் போனால் நினைவகத்தில் இருப்பதெல்லாம் போய்விடும். நல்லவேளையாக உள்ளே மின்கலம் இருக்கிறது, நிக்கானின் ஈஎன்-ஈஎல்4ஏ வகை. மின்வெட்டுக்குப் பழகிய நம் ஊரில் அதை முழுதாக ஏற்றி வைக்காமல் பதிவைத் தொடங்க வேண்டாம்.

2016இல் கிக்ஸ்டார்ட்டர் என்னும் கூட்டுநிதி தளத்தில் இது 2500 டாலரில் தொடங்கியது. பட்ஜெட் எழுதும்போது 15 விழுக்காடு வாட் வரியையும், நல்ல மேக்ரோ லென்ஸ் ஒன்றையும், விளக்குகளையும் முதலிலேயே சேர்த்துவிடுங்கள். பிறகு தனியாகக் கேட்டால் நிதிக்குழு தராது.