எம்.எச்.சி. வகை 1, வகை 2: செல் எதை, எப்படி மேற்பரப்பில் நிறுத்துகிறது?

எம்.எச்.சி. என்பது பெப்டைடுகளை (புரதத் துண்டுகளை) டி செல்கள் பார்க்கும்படி செல்லின் மேற்பரப்பில் நிறுத்தும் மூலக்கூறு. வகை 1 உட்கரு உள்ள ஏறக்குறைய எல்லாச் செல்களிலும் இருக்கும். வகை 2 முக்கியமாக டென்ட்ரிடிக் செல், பி செல், மேக்ரோஃபேஜ் ஆகிய நோயெதிர்ப்புச் செல்களின் சொத்து; மற்ற செல்களில் பலவற்றை இன்டர்ஃபெரான்-காமா என்ற சைகைப் புரதம் தூண்டினால் அங்கும் வரும்.

வகை 1-இன் கட்டுப்பாடு தரப் பரிசோதனையில்தான் இருக்கிறது. 8–10 அமினோ அமிலம் கொண்ட பெப்டைடை டேப் என்ற கடத்திப் புரதம், வகை 1 உருவாகும் எண்டோபிளாச வலைக்குள் கொண்டுவர வேண்டும். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்ற துணைப் புரதமும் சேர வேண்டும். ஒன்று குறைந்தாலும் மேற்பரப்பு அளவு சரிந்துவிடும். டேப் குறைபாடுள்ள ஆர்எம்ஏ-எஸ் என்ற எலிச் செல்களை 26 டிகிரி செல்சியஸில் வைத்தால், பெப்டைடு இல்லாத வெற்று மூலக்கூறுகள் மேலே வந்து நிற்கும். 37 டிகிரிக்கு மாற்றினால் குலைந்து மறையும். சோதனைக்கான பெப்டைடை ஏற்ற, அவை குலையும் முன் மேலே நிற்கும் நேரத்தைவிட நல்ல தருணம் இல்லை. புற்றுசெல் பீட்டா-2-ஐ இழந்தால் கொல்லும் டி செல்லிடமிருந்து தப்பும், ஆனால் வகை 1 இல்லாத செல்லைத் தாக்கும் என்.கே. (இயற்கைக் கொல்லி) செல்லின் கண்ணில் படும்.

வகை 2-இல் முதல் பூட்டு சிஐஐடிஏ, அதாவது வகை 2 மரபணுக்களை இயக்கும் புரதம். அது பழுதானால் பிறவியிலேயே கடும் நோயெதிர்ப்புக் குறைபாடு வரும். இன்வேரியன்ட் சங்கிலி என்ற புரதம், பெப்டைடு அமரும் பள்ளத்தை அடைத்துக் காக்கும். அது வெட்டுண்டு மிஞ்சும் கிளிப் துண்டை எச்எல்ஏ-டிஎம் என்ற புரதம் விலக்கும். முதிராத டென்ட்ரிடிக் செல்லில் மார்ச்-1 நொதி யூபிக்விட்டின் என்ற அடையாளப் புரதத்தை ஒட்டி மேற்பரப்பு மூலக்கூறுகளைச் சிதைவுக்கு அனுப்பும். முதிர்ந்ததும் மார்ச்-1 குறையும், இருப்பு நீடிக்கும். எனவே சாயம் செல்லுக்குள் ஊடுருவ விடாமல் சாயமிட்டு மேற்பரப்பை மட்டும் அளந்திடுங்கள்; உள்ளே இருப்பதையும் சேர்த்த மொத்த அளவு ஏமாற்றும்.