கணபதிப் பட்டறையில் செய்த ரஷ்யன் கோரர்: இரண்டு சீசனுக்குப் பிறகு

"சேறு அள்ளுற குழாய்க்கு 41,500 ரூபாயா?" என்று பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் எங்கள் துறை அலுவலகத்து அம்மா. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் இதே சாமான் லட்சக்கணக்கில் போகும், சுங்கவரி தனி என்று விளக்கிக் கையெழுத்து வாங்கினேன். அதற்குப் பிறகு இரண்டு சீசன் முடிந்துவிட்டது. நாங்களும் இப்படி ஒன்று செய்துகொள்ளலாமா என்று வேறு பல்கலைக்கழகங்களில் ஆராய்ச்சி செய்யும் நாலைந்து பேர் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பி அலுத்துப்போனதால் இதை எழுதுகிறேன்.

ரஷ்யன் கோரர் என்பது சேற்றை அடுக்குக் கலையாமல் எடுக்கும் கருவி, நெடுக்கில் பிளந்த பாதிக் குழாய். அதன் திறந்த பக்கத்தை ஒட்டி ஒரு தட்டைத் தகடு. இரண்டையும் மேலும் கீழும் ஒரே அச்சில் மாட்டியிருப்பார்கள். மூடிய நிலையில் சேற்றுக்குள் இறக்கி, வேண்டிய ஆழம் வந்ததும் கைப்பிடியை அரைச்சுற்று திருப்ப வேண்டும். தகடு நின்ற இடத்திலேயே நிற்கும். பாதிக் குழாய் மட்டும் சுற்றிவந்து, அதன் கூரான விளிம்பு சேற்றை வெட்டி, தகட்டின் மறுபக்கத்தோடு மூடிக்கொள்ளும். 1966இல் ஜௌசி என்பவர் வெளியிட்ட திருத்திய வடிவத்தைத்தான் இன்றும் பலர் பின்பற்றுகிறார்கள். என்னுடையதில் அறை 50 செ.மீ. நீளம், 5 செ.மீ. விட்டம். அதோடு ஒரு மீட்டர் கம்பிகள் ஆறு, ஒரு டி வடிவக் கைப்பிடி.

இந்த வேலையில் சேறு முக்கியமில்லை, சேற்றின் வரிசைதான் முக்கியம். ஏரியடியிலும் சதுப்பிலும் பழசு கீழே, புதுசு மேலே என்று படிந்துகொண்டே வரும். மகரந்தம், கரித்துகள், விதை, மலைச்சரிவிலிருந்து வழிந்துவந்த மண் எல்லாம் அதனதன் காலத்து அடுக்கில் உட்கார்ந்திருக்கும். நீலகிரிச் சதுப்புகளில் பீட் என்கிற கறுப்புச் சேற்றை எடுத்துத்தான் ராமன் சுகுமாரும் ஆர். ரமேஷும் கூட்டாளிகளும் சுமார் 20,000 வருடத்துப் பருவநிலையைப் படித்து 1993இல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். யானை ஆராய்ச்சிக்காரராக நமக்குத் தெரிந்த அதே சுகுமார்தான். வறட்சியைத் தாங்கும் புற்கள் விட்டுப்போகும் கார்பனில் கார்பன்-13இன் (சற்றே கனமான கார்பன் வகை) விகிதம் ஒரு மாதிரி, மரங்களும் ஈரத்தில் வளரும் செடிகளும் விடுவதில் வேறு மாதிரி. அந்த வித்தியாசத்தை அடுக்கு அடுக்காக அளந்தால், எப்போது மழை தழைத்தது, எப்போது காய்ந்தது என்று தெரியும். நான் வேலை செய்யும் சதுப்பில் ஒரு சென்டிமீட்டர் படிய அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருக்கிறது. கோரர் ஒரு சென்டிமீட்டர் இழுவினால் ஒரு தலைமுறை இடம் மாறிவிடும்.

சரி, பட்டறைக்கு வருவோம். கோவை கணபதிப் பக்கம் லேத்துகளுக்குப் பஞ்சமில்லை. நான் போனது பம்ப்செட் உதிரிபாகம் செய்யும் ஒரு சின்ன இடம். முதலாளி அண்ணன் படத்தைப் பார்த்துவிட்டு, "மண்ணள்றதுக்கு எதுக்குங்க அம்மணி இத்தனை கணக்கு? ஒரு மம்பட்டி போதாதா?" என்றார். கேட்டாலும் காரியத்தில் கெட்டி. பாதிக் குழாய்க்கு 304 ஸ்டெயின்லெஸ், நுனிக் கூம்பைத் தனியாகக் கடைந்து மாட்டலாம் என்று அவரே யோசனை சொன்னார். அந்தக் கூம்பு இன்றுவரை அசையவில்லை. மூன்று வாரம் என்றவர் ஒன்பது வாரம் எடுத்துக்கொண்டார். அது போகட்டும்.

முதல் சீசன், ஜனவரி. புல்லெல்லாம் உறைபனி. வனத்துறை அனுமதிக் கடிதம், கூடவே ஒரு வாட்சர் அண்ணன், நான், என் ஜூனியர். இரண்டரை மீட்டர் இறக்கிவிட்டோம். கைப்பிடியைத் திருப்பினேன், லேசாகச் சுற்றியது, ரொம்ப லேசாக. மேலே இழுத்தால் கம்பிகள் மட்டும் சாவகாசமாக வருகின்றன. கோரர் கீழேயே நின்றுவிட்டது.

என்ன நடந்தது என்று புரிய அரை மணி நேரம் ஆயிற்று. கம்பிகளின் மரை எல்லாக் கம்பியையும் போல வலப்பக்கம் திருகினால் இறுகுவது. ஆனால் வெட்டும் விளிம்பை இடப்பக்கம் திருப்பினால்தான் வெட்டும்படி வைத்திருந்தார்கள். ஆகவே வெட்டத் திருப்பும்போதெல்லாம் கம்பியை நாமே கழற்றிக்கொண்டிருப்போம். பட்டறையைத் திட்டிக்கொண்டே மலையிறங்கி வந்து பார்த்தால், நான் மாதிரிக்குக் கொடுத்த படம் ஒரு தோழி தன் லேபில் கோரரைத் தோளில் சாய்த்து எடுத்த செல்ஃபி. செல்ஃபி இடம் வலம் மாறித்தான் பதிந்திருந்தது. அண்ணன் படத்தில் இருந்ததை அச்சு அசலாகச் செய்திருக்கிறார். பழியில் பாதி எனக்கு. மீதி அவருக்கு, ஏனென்றால் மரையையும் விளிம்பையும் ஒரே கையால் செய்தவருக்கு அது உறைத்திருக்க வேண்டும்.

கோரரை மீட்ட கதையும் உண்டு. அதே துளையில் கம்பியை இறக்கி, நுனியில் மரை தட்டுகிறதா என்று கண்ணை மூடிக்கொண்டு தடவி, மாட்டி, இறுக்கி, மூன்று பேரும் சேர்ந்து இழுத்தோம். "உடும்பு மாதிரி புடிச்சிருக்குது" என்றார் வாட்சர் அண்ணன். முழங்கால் வரை இறங்கிவிட்ட பிறகு, அழுகின முட்டை நாற்றத்தோடு பொளக்கென்று வெளியே வந்தது. வலப்பக்கம் இறுக்கியதில் அறை திறந்துகொண்டதால் உள்ளே அடுக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. வெறும் களி.

ஊர் திரும்பியதும் முன்பே செய்திருக்க வேண்டிய சோதனையைச் செய்தேன். நீங்கள் பணம் கொடுக்கும் முன்பே செய்யுங்கள். ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் குழைத்த செம்மண் ஒரு விரல்கடை, கோலமாவு ஒரு விரல்கடை என்று மாற்றி மாற்றி நிரப்பி, ஒரு வாரம் ஊறவிட்டு, கோரரை இறக்கி எடுங்கள். என் கோரரில் ஓரமெல்லாம் வெள்ளை சிவப்புக்குள் இழுபட்டு, குங்குமமும் விபூதியும் கலந்த மாதிரி இருந்தது. காரணம் பற்றவைப்பு. சூட்டில் தகடு நடுவில் வில்லாக வளைந்து, விளிம்புக்கும் அதற்கும் நடுவே இரண்டு மில்லிமீட்டர் இடைவெளி. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தாலே தெரிந்தது. அதன் வழியாகத்தான் மேல் சேறு உள்ளே புகுந்திருக்கிறது.

அண்ணனிடம் கொண்டுபோய் டிரம்மில் எடுத்த மண் துண்டைக் காட்டினேன். நான் பேசவே வேண்டியிருக்கவில்லை. ஒரு நிமிடம் பார்த்தவர், "இது தப்புங்க அம்மணி" என்று வாங்கிக்கொண்டார். தகட்டைப் புதிதாக வெட்டி, ஒரே இழுப்பில் பற்றவைக்காமல் துண்டு துண்டாக வைத்து, பிறகு தேய்த்து நேராக்கினார். விளிம்பை வலப்பக்கத்துக்கு மாற்றினார். ஒவ்வொரு கம்பி இணைப்பிலும் குறுக்கே ஒரு பூட்டுப் பின். இதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அவரிடம் இன்னும் போகிறேன்.

இரண்டாவது சீசனில் அதே சதுப்பு. இரண்டு துளைகள் போட்டு, ஒன்றில் எடுத்ததன் அடி மற்றதில் எடுப்பதன் தலையோடு 10 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வரும்படி மாற்றி மாற்றி எடுத்தோம். நுனிக்கூம்பு கலைத்துவிடும் பகுதியை இப்படித்தான் தப்பிக்க வேண்டும். 1.50 மீட்டரில் எடுத்ததைப் புல்மேல் கிடத்திப் பாதிக் குழாயை மெதுவாகப் பின்னுக்குத் திருப்பினேன். தகட்டின்மேல் கறுப்பு அல்வாத் துண்டு மாதிரி பளபளவென்று படுத்திருந்தது. நடுவில் நூல் கனத்துக்கு ஒரு கரிக்கோடு, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை அறுபடாமல். அதற்குக் கீழே நிறம் மெல்லச் சாம்பலாகிக் களிமண்ணில் முடிந்தது. காற்றுப் பட்டதும் கண்ணெதிரிலேயே நிறம் மங்கத் தொடங்கிவிட்டது. படமெடுக்க ஜூனியர் ஓடினான். பிளந்த பிவிசி குழாயில் ஏற்றி, கிளிங் ஃபிலிம் சுற்றி, மேல் எது கீழ் எது என்று அம்புக்குறி போட்டுக் கொண்டுவந்தோம். சோதனைச் சாவடியில் "என்னம்மா இது, குழாய் குழாயா?" என்றார் காவலர். மண்ணுங்க என்றேன். நம்பவில்லை, பிரித்துக் காட்டியபின் நம்பினார்.

குறைகள் இன்னும் உண்டு. முதலாவது, கம்பிகளுக்குத் துருப்பிடிக்கக் கூடாதென்று கேட்காமலே பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டார். விதை பொறுக்கச் சேற்றைச் சலித்தபோது சல்லடையில் பச்சைச் செதில்கள். எமரி தாள் போட்டுத் தேய்க்க ஒரு நாள் போயிற்று. பெயின்ட் வேண்டாம், கிரீஸ் வேண்டவே வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள். கிரீஸ் பெட்ரோலியச் சரக்கு. பொருள் பழசாக ஆகக் குறைந்துகொண்டே போகும் கார்பன்-14 அதில் துளியும் இல்லை. சாம்பிளில் ஒட்டினால் கார்பன் காலக்கணிப்பில் வயது கூடிக் காட்டும். இரண்டாவது, எடை. ஆறு கம்பியோடு தூக்கி மலையேறினால் தோள்பட்டை இரண்டு நாளைக்குப் பேசாது.

இது எல்லோருக்கும் ஆன சாமானும் இல்லை. கடைசி நூறு, நூற்றைம்பது வருடத்தில் மனிதன் என்ன செய்தான் என்பது உங்கள் கேள்வியானால் இதை வாங்காதீர்கள். அந்தக் கதை ஏரியடியின் மேல் அடுக்கில், கஞ்சி மாதிரித் தளதளவென்று இருக்கும் சேற்றில் இருக்கிறது. தானாகச் சிதைந்து குறையும் கதிரியக்க ஈயமான ஈயம்-210 வைத்துக் காலம் கணிப்பதும் அங்கேதான். அதன் அரை ஆயுள் சுமார் 22 வருடம் என்பதால் நூற்றைம்பது வருடத்துக்கு மேல் எட்டாது. 1963ஐ ஒட்டி அணுகுண்டுச் சோதனைகளின் சீசியம் உச்சமும் அங்கேதான் தெரியும். ரஷ்யன் கோரர் அந்தக் கஞ்சியைக் கலக்கிவிடும். அதற்கு உள்ளே இருப்பது தெரியும் குழாய் வைத்த, தன் எடையாலேயே இறங்கும் கிராவிட்டி கோரர்தான் சரி.

என் சதுப்பில் மேலடுக்குக் கொஞ்சம் கெட்டி என்பதால் தப்பித்தேன். அதில் சீகை மரத்தின், அதாவது வாட்டிலின் மகரந்தம், 16 துகள்கள் ஒட்டிய உருண்டையாக, சட்டென்று வருகிறது. வெள்ளைக்காரர்கள் வந்து நட்ட காலத்துக்கு அது நல்ல அடையாளம். கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், அத்தனை சுலபமில்லை. நம் நாவல் இனங்களும் அதே குடும்பம், மகரந்தமும் அதே முக்கோணம். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்து மகரந்த மைக்ராஸ்கோப் ஸ்லைடுகளோடு ஒப்பிட்ட பிறகுதான் எண்ணத் துணிந்தேன்.

சமவெளி ஏரிக்காரர்களுக்கும் இது வேண்டாம். கோடையில் வெடித்துக் கிடக்கும் களிமண்ணில் அழுத்தினால் கம்பிதான் வளையும். குழி வெட்டிச் சுவரிலிருந்து எடுப்பது மேல். போவதற்கு முன் ஊரில் பெரியவர்களிடம் கடைசியாக எப்போது தூர்வாரினார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2017இல் குடிமராமத்து மறுபடி தொடங்கிய பிறகு நிறைய ஏரிகளில் மேல் வண்டல் வயலுக்குப் போய்விட்டது. விவசாயிக்கு நல்லது, நமக்குத்தான் ஐந்நூறு வருடம் நெல்லுக்கு உரமாகிவிட்டது.

இப்போது இன்னும் இரண்டு கம்பி சொல்லியிருக்கிறேன், பெயின்ட் இல்லாமல். பூட்டுப் பின்கள் சதுப்பில் விழுந்தால் போனதுதான், தேடக் கூடாது. அண்ணன் ஆறு கொடுப்பார். ஒரு டஜன் கேளுங்கள்.