உமிழ்நீர் டிஎன்ஏ உணவுப் பரிசோதனை: நம்ம கரைக்கு எது பயன், எது வீண்

உமிழ்நீரை அனுப்பினால், நம் மரபணுவைப் பார்த்து எந்த உணவு ஒத்துப்போகும் என்று அறிக்கை தரும் பரிசோதனை இது. ஆன்லைனில் வாங்கும் பெட்டியில் ஒரு குழாய், ஒரு புனல், திரவம் அடைத்த மூடி. மாதிரி எடுப்பதற்கு முன் 30 நிமிடம் சாப்பாடு, தண்ணீர், பீடி, வெற்றிலை எதுவும் கூடாது. வெற்றிலை போடுபவர்கள் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு, அதன் பிறகு அரை மணி நேரத்தைக் கணக்கிடுங்கள். உமிழ்நீர் 2 மில்லி கோட்டைத் தொட வேண்டும்; நுரை கணக்கில் வராது. நுரையால் அளவு குறைந்தால் மறுமாதிரி கேட்டு வரலாம். மூடியை இறுக்கினால் திரவம் இறங்கும், சில விநாடி குலுக்கினால் போதும். ஃப்ரிட்ஜ் தேவையில்லை. மண்டபம், தொண்டி வெயிலில் வண்டிப் பெட்டிக்குள் மட்டும் போட்டு வைக்காதீர்கள்.

அறிக்கையில் உருப்படியானது பால் பக்கம். வளர்ந்த பிறகும் லாக்டோஸை, அதாவது பாலில் உள்ள சர்க்கரையை, செரிக்கவைக்கும் மரபணு மாற்றம் தென்னிந்தியரில் பலருக்குக் கிடையாது. அதற்காகப் பாலையே நிறுத்தச் சொல்வது அநியாயம். 100 மில்லி பாலில் லாக்டோஸ் சுமார் 5 கிராம். ஒரே வேளையில் 12 கிராம் வரை பலர் தாங்குவார்கள். டீக்கடை டம்ளரில் அதில் பாதிகூட வராது. மோர் இன்னும் லேசு.

கசப்புக்கு டிஏஎஸ்2ஆர்38 மரபணுவைப் பார்க்கிறார்கள். முட்டைக்கோஸ், கடுகு வகைக் கசப்புக்கு அது பொருந்தும். பாகற்காயையும் அதே கணக்கில் சேர்ப்பது தவறு. அதன் கசப்புப் பொருள் வேறு, நாக்கில் அதைப் பிடிக்கும் ஏற்பியும் வேறு. கல்லூரி ஆய்வகத்தில் இருக்கும், சிலருக்கு மட்டும் கசக்கும் பிடிசி என்ற பொருள் தடவிய காகிதத்தை நாக்கில் வைத்தாலே இந்தப் பக்கத்தின் விடை ஏறக்குறைய தெரிந்துவிடும்.

ஒமேகா-3 பக்கத்தைப் பார்த்துத்தான் கோபம் வருகிறது. எஃப்ஏடிஎஸ் மரபணுக்கள் தாவர எண்ணெயில் உள்ள கொழுப்பை இபிஏ, டிஹெச்ஏ என்ற ஒமேகா-3 கொழுப்புகளாக மாற்றும் வேகத்தைத்தான் காட்டும். சாளையிலும் சூடையிலும் அவை இரண்டும் நேராகவே இருக்கின்றன. வாரம் இரண்டு நாள் இந்த மீன் குழம்பு கொதிக்கும் வீட்டுக்கு மாத்திரையை ஏன் விற்க வேண்டும்?

காபிக்குப் பார்ப்பது சிஒய்பி1ஏ2 மரபணு; காஃபீனைச் சிதைக்கும் நொதியை உருவாக்குவது இதுதான். புகைப்பவர் உடலில் இந்த நொதி கூடுதலாக உருவாகும். புகையை விட்டதும் அதே காபி அதிக நேரம் உடலில் தங்கும். வினாப்படிவத்தில் புகைப்பழக்கம் பற்றிக் கேள்வி இல்லாவிட்டால் இந்த முடிவு அரைகுறைதான்.

மரபணுவைப் பார்த்து உணவுமுறை சொல்லும் எடைக் குறைப்புத் தொகுப்பை வாங்காதீர்கள். 2018இல் வெளிவந்த டயட்ஃபிட்ஸ் ஆய்வில் 609 பேரை 12 மாதம் கவனித்தார்கள். கொழுப்பைக் குறைப்பதா, மாவுச்சத்தைக் குறைப்பதா, யாருக்கு எது பலன் தரும் என்பதை மரபணு வகை கணித்துச் சொல்லவில்லை.