மன்னார்குடி தையல் கடையில் ஒரு நியூஜெர்சி வானொலி

2017 தீபாவளிக்கு முன்பு, இரவு இரண்டு மணி வரை தைத்துக்கொண்டிருந்த நாட்களில்தான் இணைய வானொலி எனக்கு அறிமுகமானது. கையும் காலும் மிஷினில் இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். அப்பா இந்தக் கடையில் உட்கார்ந்திருந்த காலத்தில் அவர் காதுக்கு இலங்கை வானொலி இருந்தது. எனக்கோ கைப்பேசியில் ஏற்றி வைத்திருந்த பாட்டுகளே திரும்பத் திரும்ப வந்து அலுத்துப்போயிருந்தன. சட்டைக்கு அளவு கொடுக்க வந்த கல்லூரி மாணவர் ஒருவர் ‘ரேடியோ கார்டன்’ என்ற இணையதளத்தை என் கைப்பேசியில் திறந்து கொடுத்துவிட்டுப் போனார்.

நெதர்லாந்தில் 2016இல் தொடங்கியது அது. திரையில் பூமி உருண்டை சுழலும். அதில் மின்னும் ஒவ்வொரு பச்சைப் புள்ளியும் வானொலி நிலையங்கள் உள்ள ஓர் ஊர். விரலால் உருட்டி நிறுத்தினால் அந்த ஊர் அந்த நேரத்தில் கேட்டுக்கொண்டிருப்பது உங்கள் கடையிலும் ஒலிக்கும். முதல் மூன்று மாதம் டக்கார், லிமா, ஜகார்த்தா என்று நுனிப்புல் மேய்ந்தேன். எதிலும் அரை மணி நேரம் உட்காரவில்லை.

நிலையாக உட்கார வைத்தது டபிள்யூ.எஃப்.எம்.யூ. அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் ஒரு கல்லூரி வானொலியாக 1958இல் பிறந்தது. கல்லூரி 1995இல் மூடப்பட்டது, வானொலி தனியாக நின்று பிழைத்துக்கொண்டது. விளம்பரம் கிடையாது, நேயர்கள் கொடுக்கும் பணத்தில் நடக்கிறது. என்ன போட வேண்டும் என்று அறிவிப்பாளருக்கு யாரும் பட்டியல் கொடுப்பதில்லை, அவர் மனம் போன வழிதான் நிகழ்ச்சி. காங்கோவின் கின்ஷாசாவைச் சேர்ந்த கொனோனோ குழுவை அங்கேதான் முதலில் கேட்டேன். கட்டைவிரலால் மீட்டும் லிகெம்பே என்ற சிறு கருவிக்குப் பழைய கார் உதிரிபாகங்களின் காந்தத்தைக் கொண்டு அவர்களே ஒலிவாங்கி செய்துகொண்டவர்கள். அந்தக் கரகரப்பு முதலில் காதைக் குத்தியது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்து, “என்ன அண்ணே, ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதா?” என்று கேட்டார். பத்து நிமிடத்தில் என் கால் அந்தத் தாளத்துக்கு மிதிக்க ஆரம்பித்திருந்தது.

தானாக ஓடும் பட்டியலில் இந்தப் பாட்டு வந்திருந்தால் அரை நிமிடத்தில் தள்ளிவிட்டிருப்பேன். ஒரு மனிதர் தேடி எடுத்து, எங்கிருந்து வந்தது என்று சொல்லி, முழுதாகப் போடுகிறார் என்னும்போது தள்ள மனம் வருவதில்லை. விருந்துக்குப் போன வீட்டில் பழகாத கறியையும் ஒரு வாய் உண்டு பார்க்கிறோம் அல்லவா, அந்த மரியாதைதான். எட்டு ஆண்டில் என் காது மாறியதற்குக் காரணம் இதுவே என்று உறுதியாகச் சொல்வேன்.

ஒரு மாலை மட்டும் அப்படியே நினைவில் நிற்கிறது. நாயனம் வாசிக்கும் பெரியவர் ஒருவர் ஜிப்பா வாங்க வந்திருந்தார். வானொலியில் மொராக்கோவின் வடக்கே மலையடிவாரத்தில் இருக்கும் ஜஜூக்கா கிராமத்தின் இசை. கைதா என்ற குழலைப் பலர் சேர்ந்து ஊதுகிறார்கள், கீழே முரசு. பெரியவர் பணத்தை எண்ணுவதை நிறுத்திவிட்டார். கன்னம் லேசாக உப்பி உப்பி அடங்கியது. இடது கை விரல்கள் ஜிப்பா மடிப்பின் மேல் துளை தேடின. “தம்பி, இது திமிரி நாயனம் மாதிரி அல்லவா இருக்கிறது? குழல் குட்டை, சுருதி மேலே. மூச்சை எங்கே வாங்குகிறான் என்றே தெரியவில்லையே!” என்றார். அறிவிப்பாளர் பேசியதில் எனக்குப் புரிந்ததைச் சொன்னேன். அதுவும் நம் நாயனத்தின் சீவாளியைப் போல ஊதும் முனையில் இரட்டை நாக்கு வைத்த குழல், கன்னத்தில் காற்றைத் தேக்கி வைத்து மூச்சு அறாமல் ஊதுகிறார்கள் என்று. “நம் நாயனம் போல ஆச்சா மரத்தில் செய்ததா என்று கேள்” என்றார். யாரைக் கேட்பது! அவர் முழு வாசிப்பும் முடிந்த பிறகுதான் எழுந்தார்.

லண்டனில் 2011இல் தொடங்கிய என்.டி.எஸ். வானொலியையும் கேட்கிறேன். ஒரே நேரத்தில் இரண்டு நேரலைகள் ஓடும். பழைய நிகழ்ச்சிகளையும் கேட்கலாம். ஒலி துல்லியம். ஆனால் வேலைக்கு நடுவே என் கை தானாகப் போவது நியூஜெர்சிக்குத்தான்.

தொடங்குகிறவர்களுக்குச் சில கணக்குகள். நொடிக்கு 128 கிலோபிட் ஒலிபரப்பு ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 58 எம்.பி. பிடிக்கும், மூன்று மணி நேரம் கேட்டாலும் 175 எம்.பி.தான். மார்ச்சிலும் நவம்பரிலும் அமெரிக்காவில் கடிகாரத்தை மாற்றுவார்கள், அப்போது பிடித்த நிகழ்ச்சி நமக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ நகர்ந்துவிடும். நியூஜெர்சியில் காலை ஒன்பது என்றால் கோடையில் நமக்கு மாலை ஆறரை, குளிர்காலத்தில் ஏழரை. ஆண்டுக்கொரு முறை நிதி திரட்டும் நாட்களில் பாட்டு குறைந்து பேச்சு கூடும். விளம்பரமில்லாத மற்ற நாட்களுக்கு அதுதான் விலை என்பதால் எனக்கு அதில் குறை இல்லை.

உண்மையான குறை ஒன்று உண்டு. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரை கடந்தபோது எங்கள் பக்கம் தென்னையும் மின்கம்பங்களும் சாய்ந்தன. பல நாள் மின்சாரம் இல்லை, கைப்பேசிக் கோபுரமும் இல்லை. உலகமே கையில் இருக்கிறது என்று நினைத்திருந்த கருவி வெறும் கண்ணாடித் துண்டாகிவிட்டது. பரணில் இருந்த அப்பாவின் டிரான்சிஸ்டரை இறக்கி, பேட்டரி போட்டுத் திருகினேன். 1939 முதல் ஒலிபரப்பும் திருச்சி வானொலி வந்தது. தெருவே கடை வாசலில் வந்து நின்று செய்தி கேட்டது. அந்த டிரான்சிஸ்டர் மறுபடி பரணுக்கு ஏறவில்லை. நூல்கண்டுப் பெட்டிக்குப் பக்கத்தில், புது பேட்டரியுடன் இருக்கிறது.