செட்டிநாட்டில் "ஒயின் சுவைப்பும் ஆச்சி வீட்டு விருந்தும்": முன்பணம் கட்டுவதற்கு முன் ஓர் எச்சரிக்கை

காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் விடுமுறைக்கு வருகிறவர்களைக் குறிவைத்து, கடற்கரை மீன் ஏலம், ஆச்சி வீட்டுச் சமையல், ஒயின் சுவைப்பு ஆகிய மூன்றையும் ஒரே நாளில் காட்டுவதாகச் சொல்லும் விளம்பரம் ஒன்று கைப்பேசிகளில் சுற்றிக்கொண்டிருக்கிறது. கடந்த மே மாதம் ஈப்போவிலிருந்து வந்திருந்த என் அக்காள் குடும்பத்துக்காகத் தலைக்கு 4,800 ரூபாய் வீதம் கட்டி, நாங்கள் அதில் போய் வந்தோம். வெளிநாட்டுச் சொந்தங்களை அழைத்துப்போக நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் நடந்ததை எழுதுகிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் நடத்தியவர்களின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன்.

முதலில் மீன். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போக முடியாது என்பதால், மே மாதத்தில் என்ன ஏலம் காட்டுவீர்கள் என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேட்டிருந்தேன். நாட்டுப்படகு மீன் தினமும் வருகிறது, விடியற்காலையில் தொண்டிக்கு அழைத்துப்போகிறோம் என்று உறுதியாகச் சொன்னார்கள். அன்று வண்டி வந்து சேர்ந்ததே எட்டு மணிக்கு மேல்தான். தேவகோட்டை வழியாகத் தொண்டி போய்ச் சேர்ந்தபோது கரையில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்த பெரியவர்கள் சிலரைத் தவிர யாரும் இல்லை. திரும்பும் வழியில் சாலையோரத்து ஐஸ் பெட்டி ஒன்றிலிருந்து, தலை நீக்கி ஒரே அளவில் அடுக்கியிருந்த இறாலை வாங்கினார்கள். அது பண்ணையில் வளர்த்த வனாமி என்பது மீன் வாங்கிப் பழகிய எவருக்கும் தெரியும். வனாமியைத் தின்பதில் குற்றமில்லை. அதைப் பாக் நீரிணையில் அன்று காலை பிடித்தது என்று சொல்லி விருந்தாளிகளின் இலையில் போட்டதுதான் குற்றம்.

வீடு அழகான வீடு. முகப்பு, பட்டாசாலை, வளவு எல்லாம் குறையின்றிப் பராமரிக்கப்பட்டிருந்தன. சுற்றிக் காட்டிய இளைஞர், தரையில் பதித்திருந்த ஆத்தங்குடிக் கல்லை இத்தாலியிலிருந்து கப்பலில் வந்தது என்று விளக்கியபோது அக்காள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிமெண்டும் மணலும் வண்ணப்பொடியும் கொண்டு, கண்ணாடித் தகட்டின்மேல் வார்த்து, பக்கத்து ஊரான ஆத்தங்குடியிலேயே இன்றும் அதைச் செய்கிறார்கள்.

சமையல் பாடத்தில்தான் உண்மையான ஏமாற்றம் தொடங்கியது. அம்மியில் அரைத்த மசாலா என்று விளம்பரத்தில் படமே போட்டிருந்தார்கள். அம்மி இருந்தது, அதன்மேல் மாலையும் போட்டிருந்தது. கோழி வறுவலுக்கோ கடையில் வாங்கிய பொட்டலத்தை வெட்டிக் கொட்டினார்கள். கல்பாசியும் மராட்டி மொக்கும் எண்ணெயில் விழுந்தால் எழும் வாசனை இரண்டாங்கட்டைத் தாண்டி முகப்பு வரைக்கும் வரும். அன்று அடுப்பருகில் நின்றும் அது வரவில்லை, நிறம் மட்டும் கண்ணைப் பறித்தது. வெண்டைக்காய் மண்டிக்கு அரிசி கழுவிய கழுநீர்தான் உயிர். அதை எங்கே எடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று அக்காள் கேட்க, சமைத்துக்கொண்டிருந்த பெண்மணி தயங்கித் தயங்கி, "இல்ல ஆச்சி, கார்ன்மாவக் கரைச்சு ஊத்தச் சொல்லியிருக்காக" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்குத் தெரியாத சமையல் இல்லை, செய்ய விடவில்லை, அவ்வளவுதான். பச்சரிசியை உழக்கில் தலைதட்டி அளந்து, அதன்மேல் கோபுரமாக உளுந்து வைத்து, ஊறியதும் ஆட்டிப் புளிக்க விடாமல் உடனே ஒவ்வொன்றாக ஊற்றி எடுக்க வேண்டிய வெள்ளைப் பணியாரத்தை, மிச்சமிருந்த இட்லி மாவில் ஊற்றச் சொல்லியிருந்தார்கள். அது புளித்து, எண்ணெய் குடித்து, இலையில் வழிந்தது. பதினாறு வகை என்று சொன்னதில் ஊறுகாயையும் அப்பளத்தையும் வாழைப்பழத்தையும் தனித்தனி வகையாகக் கணக்கு வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. கவுனி அரிசி மட்டும் நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

பிற்பகல் மூன்று மணிக்கு ஒயின். நாசிக் பகுதி ஒயின் மூன்றும் வெளிநாட்டு ஒயின் இரண்டும், பயிற்சி பெற்ற வல்லுநர் ஒருவரின் விளக்கத்தோடு, செட்டிநாட்டுப் பலகாரங்களுக்குப் பொருத்தமாகப் பரிமாறப்படும் என்பது வாக்குறுதி. வல்லுநராக வந்தவர் கைப்பேசியைப் பார்த்து வாசித்த ஓர் இளைஞர். புட்டிகள் வந்ததோ காரின் டிக்கியிலிருந்து. வெள்ளை ஒயினை 8 முதல் 12 டிகிரி வரையிலும், சிவப்பை 16 முதல் 18 டிகிரி வரையிலும் வைத்துப் பரிமாறுவதுதான் வழக்கம். மே மாத வெயிலில் நின்ற டிக்கியில் கிடந்த புட்டியிலிருந்து வெதுவெதுப்பாக ஊற்றினால் பழத்தின் மணம் போய்ச் சாராய நெடி மட்டுமே மூக்கில் ஏறும். இரண்டு புட்டிகள் முன்பே திறந்தவை. திறந்த ஒயின் சில நாட்களிலேயே காற்றுப் பட்டுக் கெடத் தொடங்கிவிடும். ஒன்றில் காடி வாசனை எடுத்தவுடனே தெரிந்தது. "அதுதான் இதன் தனிக் குணம்" என்று வாசித்தார் அந்த இளைஞர்.

பொருத்தம் என்று சொன்னதும் அப்படித்தான். துவர்ப்பும் ஆல்கஹாலும் மிகுந்த சிவப்பு ஒயின் மிளகாய்க் காரத்தை நாக்கில் இன்னும் எரிய வைக்கும். கொஞ்சம் இனிப்புள்ள, ஆல்கஹால் குறைந்த வெள்ளை ஒயின்தான் காரச் சாப்பாட்டுக்குத் தாங்கும். நாசிக்கில் விளையும் செனின் பிளாங் திராட்சையிலேயே அப்படிப்பட்ட ஒயின் கிடைக்கிறது. இவர்கள் உப்புக்கறியோடு கொடுத்தது ஷிராஸ் என்னும், இருப்பதிலேயே கனமான சிவப்பு ஒயின். அத்தான் ஒரு வாய் குடித்துவிட்டு மோர் கேட்டார். (மோர் வந்தது, அதற்கும் பின்னர் தனியாகக் காசு போட்டார்கள்.)

வெளிநாட்டு ஒயின் இரண்டும் கடைசிவரை வரவில்லை. அவற்றுக்குப் பதிலாக, எவர்சில்வர் கூஜா ஒன்றிலிருந்து கருஞ்சிவப்பாக எதையோ ஊற்றி, கம்பம் பன்னீர் திராட்சையில் வீட்டிலேயே செய்தது என்றார்கள். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்பது உண்மை. அந்தப் பெயரை இந்தக் கூஜாவில் ஒட்டியதற்கு எந்த ஆதாரமும் இல்லை. விற்கப்படும் ஒயின் புட்டியில் ஆல்கஹால் விழுக்காடும், 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணும், உடல்நலக் கேடு குறித்த எச்சரிக்கை வாசகமும் இருக்க வேண்டும். கூஜாவில் என்ன இருக்கும்? திராட்சைச் சாறு தானாகப் புளிப்பதால் பெரிய ஆபத்து வராது என்றாலும், போதைக்காக வேறு எதையாவது கலந்திருந்தால் குடிப்பவர் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்த மாநிலத்தில் இருக்கிறோம். எங்களில் யாரும் அதைத் தொடவில்லை.

தமிழ்நாட்டில் மதுவைச் சில்லறையாக விற்பது டாஸ்மாக் மட்டுமே. மற்றபடி உரிமம் பெற்ற ஓட்டல்களிலும் மன்றங்களிலும்தான் பரிமாறலாம். உரிமமின்றிக் காசுக்கு ஊற்றுவது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டத்தின்படி குற்றம். உரிமத்தைக் காட்டுங்கள் என்று கேட்டேன். நாங்கள் விற்கவில்லை, விருந்தோடு இலவசமாகத் தருகிறோம் என்றார் பொறுப்பாளர். அவர்களே அனுப்பிய கட்டண விவரத்தில் "ஒயின் சுவைப்பு 1,500 ரூபாய்" என்று தனியாகப் போட்டிருந்ததைக் காட்டியதும், கணக்குப் பார்ப்பவர் வெளியூர் போயிருக்கிறார் என்று பேச்சை மாற்றினார். இப்படிப்பட்ட இடத்தில் முன்பணம் கேட்டால், உரிமத்தின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்; மழுப்பினால் அதுவே பதில்.

கிளம்பும்போது வந்த சீட்டில் "பாரம்பரிய வீட்டுக் கட்டணம்" என்றும் சேவைக் கட்டணம் என்றும் புதிதாக இரண்டு கட்டணங்கள் இருந்தன. ஜிஎஸ்டி எண் எங்கும் இல்லை. சேவைக் கட்டணத்தைத் தானாகச் சீட்டில் சேர்க்கக்கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-லேயே சொல்லியிருக்கிறது என்று எடுத்துச் சொன்ன பிறகு அதை நீக்கிக் கொடுத்தார்கள். மற்றதைக் கொடுக்காமல் வாசற்கதவைத் திறக்கவில்லை.

மறுநாளே தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-இல் புகார் பதிந்தேன். விளம்பரத்தின் திரைப்பிடிப்பு (ஸ்கிரீன்ஷாட்), பணம் அனுப்பிய ரசீது, கட்டண விவரம், கூஜாவின் படம் எல்லாம் கையில் இருக்கின்றன. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், நாம் கட்டிய பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் வழக்குக் கட்டணமும் கிடையாது. ஆகவே சென்னையிலோ கோவையிலோ இருப்பவர்கள் இதற்காகச் சிவகங்கைக்கு அலைய வேண்டியதில்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும்.

உதவி எண்ணிலிருந்து அவர்களுக்குத் தகவல் போன பிறகு பொறுப்பாளர் என்னை அழைத்து, பாதிப் பணத்தைத் தருவதாகவும் புகாரை எடுத்துவிட்டு எங்கும் எழுதாமல் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். முழுப் பணமும், கூஜாவில் இருந்தது என்ன என்பதற்கு எழுத்துப்பூர்வமான பதிலும் வேண்டும் என்று பதில் அனுப்பியிருக்கிறேன். இதை எழுதும் வரை இரண்டும் வரவில்லை. விளம்பரம் மட்டும் அதே படத்தோடு, தலைக்கு 5,200 ரூபாய் என்ற புதிய விலையில் மீண்டும் வந்திருக்கிறது.